கேளுங்க டீச்சர்: பிளஸ் டூ முடிஞ்சுது, காது கேக்காத புள்ளைக்கு அடுத்து என்ன?

போன இதழ்ல பிளஸ் டூ ரிசல்ட் பக்கத்துக்கு கீழ ஒரு சின்ன கட்டம் போட்டு, காது கேக்காத, இல்ல கொஞ்சமா கேக்கற புள்ளைங்க இருக்கற வீட்டுலேர்ந்து கேள்வி இருந்தா எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். இத்தன கடிதம் வரும்னு நான் நெனைக்கவே இல்ல. அதுல முக்காவாசி அப்பா, அம்மா, அக்கா, சித்தப்பா எழுதினது, அந்தப் புள்ளைங்களே எழுதினத விரல் விட்டு எண்ணிடலாம். இத பத்தி கீழ திரும்பத் திரும்ப சொல்லப் போறேன், சலிச்சுக்காதீங்க. 26 வருஷம் இந்தப் புள்ளைங்களுக்கு பாடம் எடுத்தவ நான், இப்ப ரிட்டயர் ஆகி எனக்கே வலது காதுல மிஷின் மாட்டியாச்சு, அதனால ரெண்டு பக்கத்து நியாயமும் கொஞ்சம் தெரியும்.

டீச்சர், என் பையனுக்கு பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது, பேச்சும் வராது. ஆறாவதுலேர்ந்து ஹாஸ்டல்ல தங்கி காது கேளாதோர் பள்ளியில படிச்சான். இந்த வருஷம் பிளஸ் டூ காமர்ஸ் பாஸ். இப்ப வீட்டுல ஃபோனும் கையுமா உக்காந்திருக்கான். அவங்க மாமா செல்ஃபோன் கடை வச்சிருக்காரு, அங்க கொண்டாந்து விடுன்றாரு. காலேஜெல்லாம் இவனுக்கு ஒத்து வருமா? வெளியூர் அனுப்பவும் பயமா இருக்கு.
ஒரு அம்மா, வேடசந்தூர்

அம்மா, ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, மாமா என்ன சொல்றாரு, பக்கத்து வீட்டுல என்ன சொல்றாங்க, நீங்க எதுக்கு பயப்படறீங்க எல்லாம் இருக்கு, பையன் என்ன சொல்றான்னு மட்டும் ஒரு வரி இல்ல. அவன கேட்டீங்களா? இத குத்தமா சொல்லல. வீட்டுல சாப்பிட்டியா, தூங்கு, கடைக்கு போ, அப்பா வராரு, இந்த மாதிரி இருபது முப்பது சைகைதான் ஓடும், அத வச்சுக்கிட்டு நீ என்ன ஆகணும்னு ஆசப்படறன்னு எப்படி கேக்கறது.

இதுக்கு நீங்க மட்டும் காரணம் இல்ல, எங்கள மாதிரி டீச்சருங்களும் காரணம். 1880ல இத்தாலி மிலான்ல காது கேளாதோர் கல்வி மாநாடுன்னு ஒண்ணு கூடி, சைகை வேண்டாம், வாயால பேச வைக்கறதுதான் படிப்புன்னு தீர்மானம் போட்டாங்க. அது தப்புன்னு அதே மாநாடு கனடா வான்கூவர்ல கூடி வருத்தம் தெரிவிச்சது 2010ல. நடுவுல 130 வருஷம். அந்தக் காத்து நம்ம ஊரு வரைக்கும் அடிச்சுது. நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல கைய கட்டிக்கிட்டு உக்காருன்னு சொல்லியிருக்கேன், சைகை பண்ண புள்ள கையில ஸ்கேலால தட்டியிருக்கேன், வீட்டுலயும் சைகை பண்ணாதீங்க பேச்சு வராம போயிடும்னு பெத்தவங்ககிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன். இப்ப நெனச்சா வயித்த பெசையுது. புள்ளைங்க என்ன பண்ணுச்சுங்கன்னா, ராத்திரி ஹாஸ்டல்ல லைட்டு அணையற வரைக்கும் கையாலயே பேசித் தீர்த்துச்சுங்க. அவங்க மொழி வளர்ந்தது அங்கதான், எங்க கிளாஸ்ல இல்ல.

அதனாலதான் அந்த ஃபோன். ஒரு தடவ எட்டிப் பாருங்க, வாட்ஸப் வீடியோ கால்ல எதிர்ப்பக்கம் ஒரு பையன் கைய ஆட்டிட்டு இருப்பான். ஏழு வருஷம் கூடவே இருந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு ஊருக்கு போயிட்டாங்க, இவன் திரும்பி வந்த வீட்டுலதான் பேச ஆள் இல்ல. ஃபோன புடுங்கிடாதீங்க. தினம் சாயங்காலம் அரை மணி நேரம் அவன டீச்சரா உக்கார வச்சு நீங்க சைகை கத்துக்கங்க. டெல்லியில இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம்னு 2015லேர்ந்து இருக்கு, அவங்க அகராதியில பத்தாயிரம் வார்த்தைக்கு வீடியோ இருக்கு, யூட்யூப்லயே பாக்கலாம், காசு கெடையாது.

காலேஜ் ஒத்து வருமான்னா, வரும். சென்னை அடையாறுல செயின்ட் லூயிஸ் காலேஜ் காது கேளாதவங்களுக்குன்னே இருக்கு, பி.காம், பி.சி.ஏ. மெரினா எதிர்ல இருக்கற மாநிலக் கல்லூரியிலயும் இதே ரெண்டு கோர்ஸ் இவங்களுக்குன்னு தனி கிளாஸா நடக்குது. கொஞ்சம் தள்ளிப் போகலாம்னா திருவனந்தபுரத்துல நிஷ்னு பேச்சு, செவித்திறனுக்கான நிறுவனம் இருக்கு, 1997ல ஆரம்பிச்சது, அங்க கம்ப்யூட்டர் சயின்ஸ், ஓவியம், காமர்ஸ் மூணுலயும் டிகிரி இருக்கு, கிளாஸ்ல சைகை மொழி ஓடும். சாதாரண அரசு காலேஜ்லயும் சேரலாம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறுற காலேஜ்ல 5 சதவீதம் சீட்டு மாற்றுத்திறனாளிகளுக்கு, வயசு வரம்புலயும் 5 வருஷம் தளர்வு. அரசு கலைக் கல்லூரியில பொது கவுன்சிலிங்குக்கு முன்னாடியே சிறப்பு ஒதுக்கீட்டுக்கு தனி நாள் வைப்பாங்க, அந்தத் தேதிய கோட்ட விட்டுட்டு அப்புறம் வந்து அழுதவங்க நெறைய பேர நான் பாத்திருக்கேன்.

ஆனா ஒரு விஷயம் மறைக்காம சொல்லணும். பத்தாவது பன்னெண்டாவதுல இவங்களுக்கு ஒரு மொழிப் பாடம் விலக்கு உண்டு. பாஸ் பண்ண அது உதவும்தான், ஆனா தமிழ் மட்டும் எழுதிட்டு வந்த புள்ள பி.சி.ஏ.ல போய் உக்காந்தா புக்கு முழுக்க இங்கிலீஷ், மொத செமஸ்டர் மூச்சு முட்டும். அறிவு இல்லாம இல்ல, அந்த வார்த்தைங்கள யாருமே அவனுக்கு காட்டல. இந்த ரெண்டு மாச லீவுல தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தை, படத்தோட, சைகையோட உக்கார வைங்க, டைப்பிங்கும் பழகட்டும்.

மாமா கடைய நான் மட்டமா சொல்ல மாட்டேன், ரிப்பேர் வேலையில இந்தப் பசங்களுக்கு கண்ணும் கையும் அவ்வளவு பொறுமையா ஓடும். கடைக்குத்தான் போகப் போறான்னா ஐ.டி.ஐ.ல எலக்ட்ரானிக்ஸ் மாதிரி ஒரு சர்டிபிகேட் கையில வாங்கிட்டுப் போகட்டும், நாளைக்கு மாமாவுக்கும் இவனுக்கும் ஒத்து வரலன்னா வேற எடத்துல நிக்க ஒரு பேப்பர் வேணும்ல. சென்னை கிண்டியில மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கு, முன்னாடி வி.ஆர்.சி.ன்னு சொல்லுவோம், இவனுக்கு எது கை வரும்னு பாத்து சொல்லுவாங்க, சின்னச் சின்ன பயிற்சியும் உண்டு.

பணத்துக்கு, மத்திய அரசோட போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். டிப்ளமோ இன்ஜினியரிங்னு, ஏ.ஐ.சி.டி.இ.ங்கற தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தோட அங்கீகாரம் உள்ள கோர்ஸ்னா சக்ஷம்னு ஒண்ணு, வருஷம் 50,000 ரூபா, அதுக்கு வருமான வரம்பு 8 லட்சம். ரெண்டுமே நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல.

வெளியூர் பயம்னு எழுதினீங்க பாருங்க, அத படிச்சு சிரிச்சுட்டேன், கோச்சுக்காதீங்க. பதினோரு வயசுல ஹாஸ்டல்ல விட்டப்ப வராத பயம், மீசை மொளைச்ச அப்புறம் வருது.

வணக்கம் மேம். எனக்கு ரெண்டு காதுலயும் பாதிக்கு மேல கேக்காது, சின்ன வயசுலேர்ந்து மிஷின் போட்டிருக்கேன், நல்லா பேசுவேன். ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். இப்ப காலேஜ் ஃபர்ஸ்ட் இயர், யாருக்கும் தெரியக்கூடாதுன்னு முடிய முன்னாடி விட்டு மறைச்சுக்கறேன். லெக்சரர் போர்டு பாத்து பேசினா ஒண்ணும் புரியல. ரெண்டு அரியர் விழுந்துடுச்சு. திமிரு புடிச்சவ, கூப்பிட்டா திரும்ப மாட்டான்னு கிளாஸ்ல பேர் வச்சுட்டாங்க.
ஒரு மாணவி, ஈரோடு

கண்ணு, மொதல்ல ஒண்ணு சொல்றேன், நீயே எழுதினதுக்கு உனக்கு ஒரு ஓ போடறேன். செவிடின்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து மறைச்ச, இப்ப திமிரு புடிச்சவன்னு சொல்றாங்க. ரெண்டுல எது தேவலாம்னு நீயே யோசி.

முழுசா கேக்காதவங்களுக்காவது பாத்த உடனே புரிஞ்சு சைகை, எழுத்துன்னு யாராவது மெனக்கெடுவாங்க. உன்ன மாதிரி பாதி கேக்கற, நல்லா பேசற புள்ளைங்க நெலம இன்னும் சிக்கல், இவதான் நல்லா பேசறாளே அப்ப கேக்குதுன்னு தானே அர்த்தம்னு நெனைப்பாங்க. மிஷின் போட்டா கண்ணாடி போட்ட மாதிரி எல்லாம் சரியாயிடும்னு நெனைப்பு வேற. அது சத்தத்த கூட்டும், தெளிவ கூட்டாது, அதுலயும் ஃபேன் சத்தம், பெஞ்ச் இழுக்கற சத்தம், பின்னாடி பெஞ்ச் அரட்டை எல்லாத்தையும் சேத்து காதுல கொட்டும். எனக்கு மாட்டின மொத வாரம் குக்கர் விசில்ல அழுதுட்டேன், நெஜமா. மீதிய நீ உதட்ட பாத்து நிரப்பற, ஆனா உதட்டுல மாமாவும் பாப்பாவும் ஒண்ணுதான், கண்ணாடி முன்னாடி நின்னு சத்தம் இல்லாம சொல்லிப் பாரு. அதனால நாள் முழுக்க உன் மூளை குறுக்கெழுத்து போட்டுக்கிட்டே இருக்கு. சாயங்காலம் வந்ததும் தலை வலிக்குதுன்னு நீ படுத்துக்கிட்டா, வீட்டுல சோம்பேறின்னு சொன்னா, அது இந்தக் களைப்புதான் கண்ணு.

நாளைக்கே போய் உன் துறைத் தலைவர தனியா பாரு. அம்மாவ கூட்டிட்டுப் போகாத, நீ போ. உன் ஆடியோகிராம் (காது எவ்வளவு கேக்குதுன்னு காட்டற டெஸ்ட் சீட்டு), மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஜெராக்ஸ் எடுத்துக்க. எனக்கு கேக்காதுன்னு மட்டும் சொன்னா அவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியாது, அதனால வேணுங்கறத கேளு: போர்டு பக்கம் திரும்பி பேச வேண்டாம், மொத பெஞ்ச் வேணும், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்னா வெளிச்சத்துல உதடு தெரியல, நோட்ஸ முன்னாடியே குடுத்துடுங்க. பரிட்சையில கூடுதல் நேரம் 2016 சட்டத்துல 17ஆவது பிரிவுலயே சொல்லியிருக்கு, அது யாரும் போடற பிச்சை இல்ல. வாய்மொழித் தேர்வுல கேள்விய எழுதிக் காட்டச் சொல்லு.

ஃபோன்ல லைவ் டிரான்ஸ்கிரைப்னு கூகுளோட ஆப் ஒண்ணு, 2019ல வந்தது, பேசறத எழுத்தா ஓட்டிக் காட்டும், தமிழும் வரும். ஃபோன டீச்சர் மேஜை மேல வச்சாதான் சரியா எடுக்கும், நம்ம ஊரு தங்கிலீஷ்ல அப்பப்ப காமெடியா ஏதாச்சும் அடிச்சு விடும், இருந்தாலும் விட்டுப்போன பாதிய புடிச்சுக்கலாம்.

அப்புறம் முடி. முடியால மூடினா மிஷினோட மைக்க மூடற, உரசற சத்தம் வேற வரும். ராத்திரி மிஷின கழட்டி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வை, வேர்வைதான் அதுக்கு மொத எதிரி. பேட்டரி எப்பவும் ரெண்டு ஸ்பேர் பையில இருக்கட்டும். மிஷின்லேர்ந்து காதுக்குள்ள சொருகற அச்சு லூசா இருந்தா விசிலடிக்கும், வளர்ற வயசுல காது மாறும், புது அச்சு எடுத்து ரொம்ப நாளாச்சுன்னா மாத்திடு. என்கிட்ட படிச்ச ஒருத்தி காலேஜ்ல பளீர்னு பச்சை கலர் அச்சு எடுத்து போட்டுக்கிட்டா, என்னடி இதுன்னேன், மறைச்சா எட்டிப் பாக்கறாங்க டீச்சர், காட்டினா கேட்டுட்டு போயிடறாங்கன்னா.

என் மகளுக்கு ஒரு காது சுத்தமா கேக்காது. இன்னொரு காது நார்மல். அரசு ஆஸ்பத்திரியில குறைபாடு 40 சதவீதம் வராதுன்னு சொல்லிட்டாங்க. ஒரு காது போனா 50 சதவீதம் இல்லையா? கோட்டாவுல சீட்டு போச்சே.
ஒரு தந்தை, அறந்தாங்கி

கணக்கு அப்படி போடறதில்ல சார். நல்லா கேக்கற காதோட குறை சதவீதத்த அஞ்சால பெருக்கி, கேக்காத காதோட குறை சதவீதத்த அதுல கூட்டி, ஆறால வகுப்பாங்க. நல்ல காது பூஜ்யம், கெட்ட காது நூறுன்னா நூறு வகுத்தல் ஆறு, ஏறக்குறைய 17தான் வரும். ஒதுக்கீட்டுக்கு 40 வேணும். சட்டத்துலயே ரெண்டு காதுலயும் 60லேர்ந்து 70 டெசிபல் இழப்புன்னா கேட்கும் திறன் குறைஞ்சவங்க, ரெண்டுலயும் 70ன்னா காது கேளாதவங்கன்னுதான் எழுதியிருக்கு. அலைஞ்சு காச விடாதீங்க, எவனாவது நான் 40 போட்டு வாங்கித் தரேன்னு வந்தா கிட்டயே சேக்காதீங்க. கிளாஸ்ல கேக்கற காது டீச்சர் பக்கம் இருக்கற மாதிரி உக்காரச் சொல்லுங்க, ரோடு கடக்கறப்ப சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு ஒரு காதுக்கு புடிபடாது, ரெண்டு பக்கமும் பாத்து கடக்கணும். மத்தபடி எல்லாரோடயும் போட்டி போடட்டும்.

(மத்தவங்களுக்கு: 40க்கு மேல வர்றவங்க யூ.டி.ஐ.டி. கார்டு, அதாவது நாடு முழுக்க செல்லற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இன்னும் எடுக்கலன்னா காலேஜ் அப்ளிகேஷனுக்கு முன்னாடி எடுத்துடுங்க, இப்ப எல்லாத்துக்கும் அதத்தான் கேக்கறாங்க. கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேட்டா வழி சொல்லுவாங்க. 18 தாண்டி படிக்கற, வேலை பாக்கற காது கேளாதவங்களுக்கு அரசு ஸ்மார்ட்ஃபோன் தர்ற திட்டமும் அங்கதான், போறப்ப சேத்து விசாரிங்க.)

டீச்சர் வணக்கம். நான் காது கேக்காது. வயசு 22. பிளஸ் டூ படிச்சது முடிஞ்சது. கம்பெனி வேலை பேக்கிங். சம்பளம் நான் கம்மி, பேசுறவங்க அதிகம், வேலை ஒரே வேலை. மீட்டிங் எல்லாரும் சிரிக்கிறாங்க நான் தெரியாது. சூப்பர்வைசர் அப்புறம் சொல்றேன் அப்புறம் சொல்றேன், சொல்லல. அரசு வேலை எனக்கு கிடைக்குமா?
ஒரு வாசகர், திருப்பூர்

இந்தக் கடிதத்த ஆசிரியர் குழு திருத்திப் போடலாமான்னு கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன். சைகை மொழியோட வாக்கிய அமைப்பு வேற, அதுல நெனைச்சு தமிழ்ல எழுதினா இப்படித்தான் வரும், நாம இங்கிலீஷ் எழுதற லட்சணம் நமக்கு தெரியாதா. விஷயம் ஒண்ணு விடாம புரியுதுல்ல? தம்பிக்கு பதில மட்டும் சின்னச் சின்ன வாக்கியமா எழுதறேன்.

தம்பி, உன் கடிதம் நல்லா இருக்கு. எனக்கு எல்லாம் புரிஞ்சது.

ஒரே வேலைக்கு உனக்கு கம்மி சம்பளம் குடுப்பது தப்பு. குறைந்தபட்ச கூலி எல்லாருக்கும் ஒன்று. காது கேட்காதவருக்கு தனி கூலி என்று சட்டம் கிடையாது. உன் சம்பள சீட்டு எடுத்து வை. அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எழுதி இருக்கா பார். 20 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனி, மாற்றுத்திறனாளிகளுக்கு சம வாய்ப்பு கொள்கை எழுதி வைக்க வேண்டும். முதலில் ஹெச்.ஆர். ஆபீஸுக்கு எழுதிக் குடு. தேதி போடு. ஒரு காப்பி உன்னிடம் வை. பதில் வரவில்லை என்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகள் நல மாநில ஆணையர் இருக்கிறார். அவருக்கு மனு அனுப்பலாம்.

மீட்டிங் நடக்கும்போது ஒரு நண்பரை பேப்பரில் எழுதச் சொல். அல்லது வாட்ஸப்பில் போடச் சொல். தீ அலாரம் அடித்தால் உனக்கு கேட்காது. லைட் எரியும் அலாரம் வேண்டும் என்று கேள். இது உன் உயிர் விஷயம். இதை முதலில் கேள்.

அரசு வேலை கிடைக்கும். அரசு வேலையில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. அதில் 1 சதவீதம் காது கேளாதவர், கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு மட்டும். ஆனால் பரிட்சை எழுத வேண்டும். பரிட்சையில் வாக்கியம் பெரிதாக இருக்கும். தினமும் செய்தித்தாள் ஒரு செய்தி படி. புரியாத வார்த்தையை நோட்டில் எழுது. கோயம்புத்தூர் ரஞ்சித் என்று ஒருவர். அவருக்கும் காது கேட்காது. இன்ஜினியரிங் படித்தார். 2020 யூ.பி.எஸ்.சி. பரிட்சையை தமிழில் எழுதினார். 750ஆவது ரேங்க் வாங்கினார். அவருக்கு சின்ன வயதில் இருந்து அம்மா கூட உட்கார்ந்து சொல்லிக் குடுத்தார். உனக்கு யாராவது உட்கார வேண்டும். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து படி. வேலையை விடாதே, வேலை செய்துகொண்டே படி.

இனி மத்தவங்களுக்கு. எல்லாரும் சிரிக்கிறாங்க நான் தெரியாதுன்னு எழுதியிருக்கான் பாருங்க. சம்பளத்த விட அதுதான் அவன அறுத்திருக்கு. அப்புறம் சொல்றேன்ங்கற வார்த்தைய காது கேக்காதவங்க ஒவ்வொருத்தரும் வாழ்க்கை பூரா கேட்டிருப்பாங்க, வீட்டு கல்யாணத்துல, டிவி முன்னாடி, சாப்பாட்டு மேஜையில. சும்மாதான், ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன். அந்த அப்புறம் வர்றதே இல்ல. எல்லா கம்பெனியும் இப்படின்னும் சொல்லிட முடியாது, ஓசூர்ல டைட்டன் வாட்ச் ஃபேக்டரியில 1980கள்லேர்ந்து மாற்றுத்திறனாளிகள் வேலை பாக்கறாங்க, லெமன் ட்ரீ ஹோட்டல்கள்ல காது கேளாதவங்கள எடுத்து மத்த ஊழியருங்களுக்கும் சைகை கத்துக் குடுக்கறாங்க. மனசு இருந்தா முடியுது.

எனக்கு ரெண்டு வயசு சின்னவன் என் தம்பி, காது கேக்காது. பேங்க், ஆஸ்பத்திரி, ஸ்கூல் மீட்டிங் எல்லாத்துக்கும் நான்தான் கூட போவேன், எட்டு வயசுலேர்ந்து நான்தான் அவனுக்கு வாய். வர்ற தைல எனக்கு கல்யாணம், பெங்களூர் போறேன். அவன விட்டுட்டு போறது துரோகம் பண்ற மாதிரி இருக்கு.
ஒரு அக்கா, விருத்தாசலம்

எட்டு வயசுல டாக்டர் சொன்ன கெட்ட செய்திய தம்பிக்கு சொல்றதா வேண்டாமான்னு முடிவு பண்ற பாரம் ஒரு புள்ளைக்கு வரக்கூடாதுமா. உன் அப்பா அம்மாவுக்கு வர வேண்டிய சைகை உனக்கு வந்துடுச்சு, அவங்க நிம்மதியா விட்டுட்டாங்க. எல்லா வீட்டுலயும் இப்படி ஒரு அக்கா இருக்கா.

ஆனா ஒண்ணு கேக்கறேன், நீ பேங்க்ல போய் பேசறப்ப மேனேஜர் யார பாத்து பேசுவாரு? உன்னத்தான. தம்பி பக்கத்துல நாற்காலி மாதிரி உக்காந்திருப்பான். 20 வயசு பையன் தன் கையெழுத்து எதுக்குன்னு தெரியாம போட்டிருப்பான். கல்யாணத்துக்கு இன்னும் ஏழெட்டு மாசம் இருக்கு, இப்பவே பேங்க் வாசல் வரைக்கும் போ, உள்ள போகாத. அவன் ஃபோன்ல டைப் பண்ணி காட்டட்டும், தப்பு வரட்டும், ரெண்டு தடவ திரும்பி வரட்டும், உனக்கு வயித்த கலக்கும், பரவால்ல வெளியவே நில்லு. பெரிய விஷயம், ஆபரேஷன், கோர்ட்டுன்னா பயிற்சி எடுத்த சைகை மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேக்கலாம், ஆளுங்க ரொம்ப கம்மி, ஆனா கேக்க கேக்கத்தான் வருவாங்க. பெங்களூர் வக்கீல் சாரா சன்னி காது கேளாதவங்க, 2023 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றத்துல மொழிபெயர்ப்பாளர வச்சுக்கிட்டு சைகையிலயே வாதாடினாங்க. அக்காவையா கூட்டிட்டுப் போனாங்க?

இன்னொண்ணு, இது உனக்கு. இத்தன வருஷம் சும்மா செஞ்ச வேலைக்கு ரெண்டு வருஷ டிப்ளமோ இருக்கு, இந்திய சைகை மொழிபெயர்ப்புக்கு, டெல்லி மையத்துல மட்டும் இல்ல வேற சில ஊர்லயும் நடக்குது. கல்யாணத்துக்கு அப்புறம் என்ன பண்ணப் போறேன்னு நீ எழுதல, யோசிச்சுப் பாரு. இதே மாதிரி சைகை மொழி சொல்லிக் குடுக்கற டிப்ளமோ ஒண்ணு காது கேளாதவங்களுக்குன்னே இருக்கு, அது தம்பிக்கு சொல்லி வை.

காது கேக்காத பையனுக்கு டூ வீலர் லைசன்ஸ் தருவாங்களா? டிரைவிங் ஸ்கூல்ல முடியாதுன்னுட்டாங்க.
வாசகர், மணப்பாறை

டிரைவிங் ஸ்கூல்காரர் பழைய கதை சொல்றாரு. 2011லயே டெல்லி ஹைகோர்ட் இவங்க விண்ணப்பிக்கலாம், டெஸ்ட்ல பாஸ் பண்ணா லைசன்ஸ் குடுக்கணும்னு சொல்லிடுச்சு, 2016ல மத்திய போக்குவரத்து அமைச்சகமும் காது கேக்காததையே காரணமா வச்சு மறுக்கக்கூடாதுன்னு மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அந்த சுற்றறிக்கைய பிரிண்ட் எடுத்து கையில வச்சுக்கங்க. ரெண்டு கண்ணாடியும் இருக்கணும் வண்டியில, நம்ம பசங்க ஸ்டைலுன்னு கழட்டி வச்சுடுவானுங்க. காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு போறவங்கள விட இவங்க உஷாரா ஓட்டுவாங்கன்னு தோணுது.

பிறவியிலேயே கேக்காத என் மகனுக்கு இப்ப 19. காதுக்குள்ள கருவி வைக்கற காக்ளியர் ஆபரேஷன் பண்ணா பேச்சு வந்துடும்னு ஒருத்தர் சொன்னார். நிலத்த வித்தாவது பண்ணலாமா?
ஒரு தந்தை, செங்கம்

நிலத்த விக்காதீங்க ஐயா. மூளை சத்தத்த பேச்சா பிரிச்சு கத்துக்கற வயசு ரொம்பச் சின்ன வயசு, அதனாலதான் அரசுத் திட்டங்கள்லயும் பிறவியில கேக்காத கொழந்தைங்களுக்கு அஞ்சாறு வயசுக்குள்ள பண்ணணும்னு வச்சிருக்காங்க. பேச்சு வந்து அப்புறம் காய்ச்சல்லயோ விபத்துலயோ கேக்காம போனவங்களுக்கு பெரிய வயசுலயும் நல்லா பலன் தரும், அது வேற கதை. உங்க மகனுக்கு வெச்சா கதவு தட்டற சத்தம், ஹாரன் சத்தம் கேக்கலாம், பேச்சு புரியறது கஷ்டம். அதுக்கப்புறமும் வெளிக்கருவி, ரிப்பேர், பயிற்சின்னு செலவு நிக்காது. ஒரு நல்ல ஆடியாலஜிஸ்ட்ட, அதாவது கேக்கற திறன சோதிக்கற நிபுணர்கிட்ட, காட்டி ரெண்டாவது அபிப்பிராயம் வாங்குங்க. அப்புறம், 19 வயசு ஆச்சு, தலையில ஓட்ட போடறது அவன் தலையில. அவன கேட்டீங்களா?

என் பொண்ணு டிப்ளமோ முடிச்சுட்டு வேலை பாக்கறா, காது கேக்காது. கூட படிச்ச பையன் ஒருத்தன விரும்பறா, அவனுக்கும் கேக்காது. நாங்க காது கேக்கற மாப்பிள்ளையா, எங்க தம்பிக்கே குடுக்கலாம்னு இருந்தோம். ரெண்டு பேருக்குமே கேக்கலன்னா எப்படி குடும்பம் நடத்துவாங்க, பொறக்கற கொழந்தையும் அப்படியே பொறந்தா?
ஒரு அம்மா, கோவில்பட்டி

அம்மா, நீங்க பயப்படற விஷயத்துக்கு ஆபத்து உங்க தம்பி பக்கத்துலயும் குறைச்சல் இல்ல. பிறவியில காது கேக்காம போறதுல பரம்பரைக்கு பெரிய பங்கு இருக்கு, அதுலயும் பாதிக்கு மேல, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் அதே குறையுள்ள மரபணு வந்து சேந்தாதான் வெளிய தெரியற வகை. தாய்மாமன், அத்தை மகன்னு சொந்தத்துலயே கட்டறப்ப அதே மரபணு ரெண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடும். அந்தப் பையனுக்கு வேற காரணத்தால கேக்காம இருந்தா கொழந்தைங்க நல்லா கேக்கறதாவே பொறக்கலாம், ரெண்டு பேருக்கும் ஒரே மரபணுன்னா எல்லா கொழந்தையும் கேக்காம பொறக்கும். ஊகம் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிகள்ல மரபணு ஆலோசனை உண்டு, ரெண்டு பேரும் சேந்து போய்ட்டு வரட்டும், கல்யாணத்த நிறுத்தறதுக்கு இல்ல, தெரிஞ்சுக்கறதுக்கு.

குடும்பம் எப்படி நடத்துவாங்கன்னா, நல்லா நடத்துவாங்க. என்கிட்ட படிச்சவங்கள்ல இப்படி ஜோடிங்க ஏராளம். காலிங் பெல்லுக்கு பதில் லைட்டு எரியும், அலாரத்துக்கு தலகாணிக்கு அடியில ஃபோன் அதிரும், கொழந்தை அழுதா தெரியறதுக்கும் அதிர்ற கருவி இருக்கு. சண்டை வந்தா லைட்ட அணைச்சுட்டு திரும்பிப் படுத்துக்குவாங்க, பேச்சு முடிஞ்சுது. காது கேக்கற மாப்பிள்ளைய கட்டி, மாமியார் வீட்டுல பத்து பேர் நடுவுல ஒரு வார்த்தை பேச ஆளில்லாம உக்காந்திருக்கற பொண்ணுங்களயும் பாத்திருக்கேன், அவங்கதான் என் கண்ணுல நிக்கறாங்க.

பையன ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. அவன் அம்மாகிட்ட ஃபோன்ல பேசி விசாரிக்காதீங்க, அவன்கிட்டயே எழுதிக் கேளுங்க, வேலை என்ன, எவ்வளவு சம்பளம், எங்க தங்குவீங்க, வழக்கமா மாப்பிள்ளைய கேக்கறதெல்லாம் கேளுங்க. உங்க பொண்ணு நடுவுல உக்காந்து மொழிபெயர்க்கட்டும். சரின்னு பட்டுதுன்னா கல்யாணத்தன்னைக்கு மேளம் வைக்கறது உங்க இஷ்டம், மேடையில வீடியோக்காரர் போடற அந்த பெரிய லைட்ட மட்டும் கொஞ்சம் ஓரமா திருப்பச் சொல்லுங்க, கண்ணு கூசினா பொண்ணு மாப்பிள்ளை பேசிக்க முடியாது. கீழ அவங்க ஃப்ரெண்ட்ஸ் அம்பது பேர் வந்து ரெண்டு கையையும் தூக்கி ஆட்டிட்டு நிப்பாங்க, அது கைதட்டல், பதிலுக்கு நீங்களும் ஆட்டுங்க.